மூளை, முதுகுத்தண்டு ஆபரேஷன்: என் வீட்டு வாசலில் கேட்கப்படும் கேள்விகள்

நியூரோ சர்ஜரி வார்டில் பல வருஷம் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு இப்போது வேலூர் சத்துவாச்சாரியில் வீட்டோடு இருக்கிறேன். ரிட்டயர் ஆன பிறகும் கேள்விகள் நிற்கவில்லை. குடியாத்தம், ஆம்பூர், ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து யாராவது ஃபைலையும் ஸ்கேன் கவரையும் எடுத்துக்கொண்டு "சிஸ்டர், கொஞ்சம் பாருங்க" என்று வருவார்கள். பத்துப் பேர் வந்தால் எட்டுப் பேர் கேட்பது ஒரே மாதிரி சந்தேகங்கள்தான். அவற்றைத்தான் அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். உங்கள் நோயாளியை நேரில் பார்த்த டாக்டர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

நரம்பு டாக்டரைப் பார்த்தோம். அவர் இன்னொரு நரம்பு டாக்டர்கிட்ட அனுப்பிட்டார். ரெண்டு பேரும் ஒண்ணு இல்லையா?

இல்லை. நியூராலஜிஸ்ட் மருந்து கொடுத்துப் பார்ப்பவர். வலிப்பு, பக்கவாதம், தலைவலி, நடுக்கம் எல்லாம் பெரும்பாலும் அவரிடம்தான். நியூரோ சர்ஜன் ஆபரேஷன் செய்பவர். மூளைக்கட்டி, தலையில் அடிபட்ட ரத்தக்கசிவு, மூளையில் நீர் தேங்குவது, முதுகெலும்பு ஜவ்வு விலகி நரம்பை அழுத்துவது இவையெல்லாம் அவருடைய வேலை. ஒருவரிடமிருந்து இன்னொருவரிடம் அனுப்பினால் கைகழுவிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். காலில் நரம்பு சுருண்டு புடைத்திருப்பதற்கு இவர்கள் இருவருமே இல்லை. அது ரத்தக்குழாய், அதற்கு வேறு டாக்டர்.

தலையைத் தொறக்கணும்னா உயிருக்கு ஆபத்துதானே? வேணாம்னு சொல்லிடலாமா?

ஆபத்தே இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஆனால் செய்யாமல் விட்டாலும் ஆபத்து இருக்கிறது, அதை யாரும் கேட்பதில்லை. கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். ஆபரேஷன் செய்யாவிட்டால் என்ன ஆகும்? கட்டி இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் பேச்சா, கை காலா, பார்வையா, எது இருக்கிறது? வேறு வழி ஏதாவது உண்டா? எத்தனை நாள் தள்ளலாம்? கடைசிக் கேள்விக்கு "ஒரு மாசம் பொறுக்கலாம்" என்று பதில் வந்தால் நிதானமாக யோசியுங்கள், இன்னொரு டாக்டரிடமும் காட்டுங்கள். "இன்றைக்கே" என்றால் வாத்தியார் மாமாவைக் கேட்கிறேன், ஜாதகம் பார்க்கிறேன் என்று நேரத்தை விடாதீர்கள்.

ஒன்று சொல்கிறேன். இந்தியாவில் இந்த ஆபரேஷனுக்கென்று முதல் துறையை டாக்டர் ஜேக்கப் சாண்டி தொடங்கியது 1949இல், நம் வேலூர் சி.எம்.சி.யில்தான். அன்றைக்கு சி.டி. இல்லை, எம்.ஆர்.ஐ. இல்லை. இன்று கட்டி எங்கே, எவ்வளவு, எந்த ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்கள். உங்கள் பாட்டி காலத்துப் பயத்தோடு இன்றைய ஆபரேஷனைப் பார்க்காதீர்கள்.

காப்பீட்டு அட்டையில பண்ணிக்கலாமா?

வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. அரசு மருத்துவமனையிலும் திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனையிலும் செல்லும். ஆனால் உங்களுக்குச் சொன்ன அந்த ஆபரேஷன், அந்த மருத்துவமனையில், திட்டத்துக்குள் வருகிறதா என்பதை அங்கிருக்கும் காப்பீட்டு கவுண்டரில் முதலில் கேளுங்கள். அவசரம் இல்லாத ஆபரேஷன் என்றால் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். செய்து முடித்துவிட்டு அட்டையை நீட்டினால் நடக்காது. ரேஷன் கார்டில் நோயாளியின் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். கல்யாணம் ஆகிப் போன பெண்ணின் பெயர் இரண்டு கார்டிலும் இல்லாமல் அலைந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஆபரேஷனுக்கு முன்னாடி எந்த மாத்திரையை நிறுத்தணும்?

இதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், நீங்களாக எதையும் தொடராதீர்கள். வீட்டில் இருக்கும் எல்லா மாத்திரை அட்டையையும் ஒரு பையில் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் கொட்டிக் காட்டுங்கள். "வெள்ளையா சின்னதா ஒரு மாத்திரை" என்று சொன்னால் யாருக்கும் புரியாது.

இதயத்துக்குப் போடும் ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் போன்றவை ரத்தம் உறைவதைத் தடுக்கும். அதனால் பொதுவாகச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். ஆனால் இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள் சட்டென்று நிறுத்தினால் அங்கே அடைத்துக்கொள்ளும். இதய டாக்டரும் ஆபரேஷன் செய்யும் டாக்டரும் பேசி முடிவு செய்ய வேண்டிய விஷயம் அது. வலிப்பு மாத்திரையைப் பெரும்பாலும் நிறுத்தச் சொல்ல மாட்டார்கள். ஆபரேஷன் அன்று காலையில்கூட ஒரு வாய்த் தண்ணீரோடு கொடுக்கச் சொல்வது வழக்கம். சர்க்கரை மாத்திரையை அன்று காலை பெரும்பாலும் வேண்டாம் என்பார்கள். பி.பி. மாத்திரையில் சிலதைப் போடச் சொல்வார்கள், சிலதை வேண்டாம் என்பார்கள். நாட்டு மருந்து, லேகியம், சூரணம் எடுத்துக்கொண்டால் அதையும் சொல்லுங்கள். குடிப்பழக்கம் இருந்தால் ஒளிக்காமல் சொல்லுங்கள். தினம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் நடுக்கம், பிதற்றல், வலிப்பு வரலாம். அது குடியை விட்டதாலா, மூளைக்குள் ரத்தம் கசிந்ததாலா என்று தெரியாமல் ராத்திரியில் எல்லோரும் திண்டாடுவார்கள்.

சாப்பாடு: பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன் திட உணவு நிறுத்தம், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்புவரை. பால் கலந்த டீ தண்ணீர் ஆகாது. "ஒரு வாய் காபிதானே" என்று கொடுத்து ஆபரேஷன் தள்ளிப்போனது உண்டு.

பொண்ணுக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். மொட்டை அடிச்சிடுவாங்களா?

பல இடங்களில் இப்போது வெட்டும் கோட்டை ஒட்டி ஒரு பட்டை அகலத்துக்குத்தான் முடியை எடுக்கிறார்கள், அதுவும் மெஷினால். மேல்முடியைச் சீவினால் மறைந்துவிடும். அவசர ஆபரேஷன் என்றால் அதிகமாக எடுக்க வேண்டி வரலாம். முன்கூட்டியே வீட்டில் பிளேடு போட்டு வழித்துக்கொண்டு வராதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கீறலில் கிருமி தங்கும்.

காலையில 7 மணிக்கு உள்ளே போனவர் சாயங்காலம் வரைக்கும் வரலை. ஏதாவது ஆயிடுச்சா?

4 மணி நேர ஆபரேஷன் என்று சொன்னால் அது கத்தி வைத்ததிலிருந்து கணக்கு. அதற்கு முன் மயக்கம் கொடுக்க வேண்டும், குழாய்கள் போட வேண்டும், தலையை அசையாமல் ஒரு கிளாம்பில் பூட்ட வேண்டும், படுக்கும் நிலையைச் சரிசெய்ய வேண்டும். முடிந்த பிறகு ரத்தம் எங்கும் கசியவில்லை என்று பார்த்து, எலும்பைத் திரும்ப வைத்து, தோலைத் தைக்க வேண்டும். மயக்கம் தெளியவும் நேரம் ஆகும். நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். காத்திருக்கும் இடத்தில் ஒருவராவது எப்போதும் இருங்கள். ரத்தம் வேண்டும், கையெழுத்து வேண்டும் என்று நோயாளி பெயரைக் கூப்பிடும்போது எல்லோரும் டீக்கடையில் இருக்கக் கூடாது.

முழிச்சிருக்கும்போதே மூளையில பண்றாங்களாமே, வலிக்காதா?

எல்லோருக்கும் இல்லை. பேச்சு, கை அசைவு இவற்றுக்கான இடத்தை ஒட்டிக் கட்டி இருந்தால் சிலருக்கு அப்படிச் செய்வார்கள். மூளைக்கு வலி தெரியாது. வலி தெரிவது தோலுக்கும் அதற்கடியில் இருக்கும் உறைகளுக்கும்தான், அவற்றை ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வார்கள். படங்களைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். பேச்சு தடுமாறினால் அந்த இடத்தைத் தொடாமல் நிறுத்திக்கொள்வார்கள்.

குடியாத்தம் பக்கத்து நெசவாளர் ஒருவருக்கு அப்படிச் செய்தபோது விரல்களை ஒவ்வொன்றாகக் கட்டைவிரலோடு சேர்க்கச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அறுந்த நூலை முடிச்சுப் போடுகிற மாதிரியே விரலை உருட்டிக் காட்டினார் அவர். பிறகு வார்டுக்கு வந்து, போர்வை ஓரத்து நூலைப் பிரித்து, உட்கார்ந்து முடிச்சுப் போட்டுப் பார்த்தார். போட வந்தது.

ஐ.சி.யூ.வில அவரைத் தூங்கவே விடலை. கண்ணுல டார்ச் அடிக்கிறாங்க, பேர் என்னன்னு கேக்கறாங்க. பாவமா இருக்கு.

பாவம்தான், ஆனால் அதைவிட முக்கியமான வைத்தியம் அந்த முதல் ராத்திரியில் இல்லை. கண் திறக்கிறாரா, கேட்டதற்குச் சரியாகப் பதில் சொல்கிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று மூன்றையும் பார்த்து மார்க் போடுவோம். முழுசாக இருந்தால் 15, மிகக் குறைந்தது 3. சாயங்காலம் 15 இருந்தவர் ராத்திரி 13க்கு இறங்கினால் உள்ளே ரத்தம் சேர்கிறதோ, வீக்கம் ஏறுகிறதோ என்று உடனே சி.டி. எடுக்க ஓடுவோம். மானிட்டரில் பி.பி., நாடி எல்லாம் நன்றாக இருக்கும்போதே இந்த மார்க் முதலில் இறங்கும். "கையை இறுக்கிப் பிடிங்க, இப்போ விடுங்க" என்று ஏன் சொல்கிறோம் தெரியுமா? பிடிப்பதை அனிச்சையாகவே சிலர் பிடிப்பார்கள். விடச் சொன்னால் விடுகிறாரா என்பதில்தான் புரிந்துகொண்டாரா என்று தெரியும்.

வார்டுக்கு மாறின பிறகு இந்த வேலையில் பாதி உங்களுடையது. "அசந்து தூங்கறார், எழுப்பாதீங்க" என்று வீட்டார் சொல்லும் நேரங்களில் எனக்கு அடிவயிறு கலங்கும். எழுப்பிப் பாருங்கள். எழுந்து பெயர் சொல்லி "தூங்க விடு" என்று திட்டினால் நல்லது. எழுப்ப எழுப்பக் கண் சொருகினால் நர்ஸைக் கூப்பிடுங்கள். தொந்தரவாக இருக்குமோ என்று கூச்சப்படாதீர்கள்.

முகமெல்லாம் வீங்கி கண்ணே திறக்கலை, நெத்தி ஓரத்துல ஓட்டை மாதிரி காயம் வேற. யாரும் சொல்லவே இல்லையே?

முன்பக்கம் திறந்தால் கண்ணிமை வீங்கிக் கருத்துப்போகும். இரண்டு மூன்று நாள் கூடும், பிறகு வடியும். நெற்றி ஓரத்துக் காயம், நான் முன்பு சொன்ன கிளாம்பின் முனை பதிந்த இடம். பொருக்கு தட்டி ஆறிவிடும். தொண்டை எரிச்சல் மயக்கத்தின்போது போட்ட குழாயால் வருவது. காதுக்கு மேலே திறந்திருந்தால் மெல்லும்போது தாடை வலிக்கும். தழும்பைச் சுற்றி மரத்துப்போவது மாசக்கணக்கில் இருக்கலாம். இவையெல்லாம் எதிர்பார்த்தவை.

மண்டை எலும்பை வயித்துக்குள்ள வச்சிருக்காங்கன்னு சொல்றாங்க. நெசமா?

நிஜம்தான். விபத்தில் அடிபட்டோ பெரிய பக்கவாதத்திலோ மூளை வீங்கும்போது, அதற்கு இடம் கொடுப்பதற்காக எலும்பை உடனே திரும்ப வைக்க மாட்டார்கள். அந்தத் துண்டை வயிற்றுத் தோலுக்கு அடியில் பத்திரமாக வைப்பார்கள், அல்லது உறைநிலைப் பெட்டியில் வைப்பார்கள். வீக்கம் வடிந்து, சில வாரமோ சில மாசமோ கழித்து இன்னொரு ஆபரேஷனில் திரும்பப் பொருத்துவார்கள்.

அதுவரை அந்த இடத்தில் தோலுக்கு அடியில் மூளை, நடுவில் எலும்பு இல்லை. அந்தப் பக்கம் அழுத்திப் படுக்கக் கூடாது. நடக்கும்போது ஒருவர் துணைக்கு வர வேண்டும். டாக்டர் சொன்னால் ஹெல்மெட் மாதிரி தொப்பி போட வேண்டும். தும்மினால், அழுதால் அந்த இடம் எழும்பும், உட்கார்ந்தால் குழியும். அது பரவாயில்லை. எப்போதும் கல் மாதிரி புடைத்தே இருந்தால் காட்டுங்கள்.

மூக்கு வழியா பண்ணாங்க, வெளிய காயமே இல்லை. அப்போ சீக்கிரம் வேலைக்குப் போயிடலாமா?

வெளியே காயம் இல்லை, உள்ளே இருக்கிறது. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியில் வரும் கட்டியை அப்படி எடுப்பார்கள். மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், குனிந்து குடம் தூக்கக் கூடாது, முக்கி மலம் கழிக்கக் கூடாது. எத்தனை வாரம் என்று உங்கள் டாக்டர் சொல்வார். மூக்கிலோ தொண்டையிலோ தண்ணீர் மாதிரி உப்புக் கரித்துச் சொட்டினால் அது சளி இல்லை, மூளையைச் சுற்றியிருக்கும் நீராக இருக்கலாம். உடனே வாருங்கள்.

தாகம் அடங்காமல் குடம் குடமாகச் சிறுநீர் போனாலும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து ஒரு வாரம் ஆன சமயத்தில் வாந்தி, குழப்பம், அசதி வந்தால் உடம்பில் உப்பு இறங்கியிருக்கலாம், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்திருந்தால் ஒரு நாள்கூட விடக் கூடாது. இது மற்ற மூளை ஆபரேஷனுக்குப் பிறகு கொடுக்கும் ஸ்டீராய்டுக்கும் பொருந்தும். பசி, சர்க்கரை, தூக்கமின்மை எல்லாம் அதனால் கூடும், ஆனால் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

முதுகுல ஜவ்வு ஆபரேஷன் பண்ணா கால் வராம போயிடும்னு ஊர்ல சொல்றாங்க.

அந்தப் பேச்சை நம்பி ஆபரேஷனைத் தள்ளிப்போட்டு, அதனாலேயே கால் பலமிழந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஜவ்வு விலகியவர்களில் பெரும்பாலோருக்கு ஆபரேஷனே தேவைப்படாது, மருந்தும் பயிற்சியும் போதும். கால் பாதம் தொங்கிப்போவது, வலி எதற்கும் அடங்காதது இவற்றுக்குத்தான் ஆபரேஷன். சிறுநீர் வர மறுத்து, உட்காரும் இடம் மரத்துப்போனால் அன்றைக்கே வர வேண்டும். ஆபரேஷன் முடிந்து பலரை மறுநாளே நடக்க வைப்பார்கள்.

என்ன சாப்பாடு கொடுக்கறது? கத்திரிக்காய், மீன், முட்டை எல்லாம் சீழ் பிடிக்கும்ல?

பிடிக்காது. சீழ் கிருமியால் வருவது. இலவம்பாடி முள்ளு கத்திரிக்காய் காரக்குழம்பு கேட்ட அப்பாவுக்கு மூன்று வாரம் வெறும் ரசம் சாதம் ஊற்றி, எலும்பும் தோலுமாக செக்கப்புக்குக் கூட்டி வந்த பிள்ளைகளைப் பார்த்து மனசு கொதித்திருக்கிறது. காயம் ஆறப் புரதம் வேண்டும். முட்டை, மீன், பருப்பு, பயறு கொடுங்கள். மலச்சிக்கல் வராமல் கீரையும் பழமும் கொடுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு அதற்கேற்ற அளவு. விழுங்கும்போது இருமல் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள்.

தையல் பிரிக்கும்வரை, பிரித்து டாக்டர் சரி என்று சொல்லும்வரை தலைக்கு எண்ணெய், மஞ்சள், விபூதி எதுவும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்த பிறகு எதைப் பார்த்தா ஓடி வரணும்?

நாளுக்கு நாள் கூடும் தலைவலி, திரும்பத் திரும்ப வாந்தி, காய்ச்சல், காயத்தில் நீரோ சீழோ கசிவது, புதிதாகக் கை கால் பலம் குறைவது, வலிப்பு, ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும். எல்லாவற்றுக்கும் மேலே, முன்பு ஐ.சி.யூ. கேள்வியில் சொன்ன அந்தத் தூக்கம். தலையிலிருந்து வயிற்றுக்கு நீர் இறங்க ஷண்ட் குழாய் வைத்தவர்களுக்கு இதெல்லாம் வருஷங்கள் கழித்து வந்தாலும் குழாய் அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டும். வழியில் ஆபத்தாகிவிடும் போலிருந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். ஷேர் ஆட்டோவில் உட்கார வைத்துக் கொண்டுவராதீர்கள்.

வலிப்பு வந்தா கையில சாவி கொடுக்கணும்ல?

வேண்டாம். இரும்பு கொடுத்ததால் நின்றது என்பார்கள். பெரும்பாலான வலிப்பு இரண்டு மூன்று நிமிஷத்தில் தானாகவே நிற்கும், சாவி தேடி எடுத்துக் கொடுப்பதற்கும் அதற்கும் சரியாகப் போகும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பக்கத்தில் இருக்கும் கூர்மையான சாமானை நகர்த்துங்கள், வாயில் ஸ்பூனோ தண்ணீரோ எதுவும் வேண்டாம். மணியைப் பாருங்கள். 5 நிமிஷம் தாண்டினாலோ, நினைவு திரும்பாமல் அடுத்தது வந்தாலோ ஆம்புலன்ஸ்.

அப்புறம் ஒரு தடவைகூட வரலை. மாத்திரையை விட்டுடலாமா? ரம்ஜான் நோன்பு வேற வருது. வண்டி ஓட்டலாமா?

வராமல் இருப்பதே மாத்திரையால் என்றும் இருக்கலாம். எப்போது, எப்படிக் குறைப்பது என்று டாக்டர் சொல்ல வேண்டும். நோன்பு வைப்பவர்கள் மாசம் பிறக்கும் முன்பே வந்து கேளுங்கள். சஹருக்கும் இஃப்தாருக்கும் பொருந்துகிற மாதிரி நேரத்தை மாற்ற முடியுமா என்று பார்ப்பார்கள். சிலருக்கு முடியாது. முருகனுக்குக் கிருத்திகை விரதம் இருப்பவர்களுக்கும் இதேதான், மாத்திரையை விட்டு விரதம் வேண்டாம்.

வண்டி விஷயத்தில் லைசன்ஸ் படிவத்திலேயே வலிப்பு உண்டா என்று கேட்கிறார்கள். மறைத்து ஓட்டினால் உங்கள் உயிரோடு எதிரில் வருபவர் உயிரும் போகும். டாக்டர் எழுதிக் கொடுக்கும்வரை பஸ்தான். கிணற்றில் குளிப்பது, ஏணியில் ஏறுவது, தனியாக அடுப்பு முன் நிற்பது இவையும் அதே கணக்கு.

கட்டியை எடுத்தாச்சுன்னு சொன்னாங்க. அப்புறம் எதுக்கு கரண்ட் வைக்கணும்? கேன்சரா?

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பார்கள். முதல் ரிப்போர்ட் வரச் சில நாள், கூடுதல் பரிசோதனை என்றால் சில வாரம். அதில் 1 முதல் 4 வரை ஒரு கிரேடு இருக்கும். 1 மெதுவாக வளர்வது, 4 வேகமாக வளர்வது. மூளை உறையில் வரும் மெனிஞ்சியோமா பெரும்பாலும் 1தான், பலருக்கு ஆபரேஷனோடு முடியும். ஸ்கேன் மட்டும் தொடர்ந்து பார்ப்பார்கள். சில கட்டிகள் மூளைக்குள் வேர் மாதிரி பரவியிருக்கும், கண்ணுக்குத் தெரிந்ததை எல்லாம் எடுத்தாலும் மிச்சம் இருக்கும். அதற்குத்தான் கரண்ட். அது ஷாக் இல்லை, கதிர்வீச்சு. வலிக்காது.

அவர்கிட்ட உண்மையைச் சொல்லவேண்டாம்னு நினைக்கிறோம். சரிதானே?

எனக்கு அது சரியாகப் படவில்லை. பெரும்பாலும் அவருக்குத் தெரிந்துதான் இருக்கும். பக்கத்துக் கட்டில்காரரோடு பேசாமலா இருப்பார்? தெரிந்ததைத் தெரியாத மாதிரி அவரும் நடிக்க, நீங்களும் நடிக்க, நிலப் பத்திரத்தைப் பற்றியோ சின்னப் பெண்ணின் கல்யாணத்தைப் பற்றியோ பேசவேண்டியது பேசாமலே போகிறது. "உங்களுக்கு என்னென்ன தெரியணும்?" என்று அவரையே கேளுங்கள். "டாக்டர் பார்த்துக்கட்டும், எனக்கு வேண்டாம்" என்றால் அதோடு விட்டுவிடுங்கள்.

மனுஷனே மாறிட்டாரு சிஸ்டர். தொட்டதுக்கெல்லாம் கோபம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டேங்கறாரு.

கோபமும் அழுகையும் மந்தமும் மூளை முன்பக்கத்தில் அடிபட்டாலோ ஆபரேஷன் நடந்தாலோ வரலாம். ஸ்டீராய்டும் சில வலிப்பு மாத்திரைகளும்கூட அப்படிச் செய்யும், அதை டாக்டரிடம் சொன்னால் மருந்தை மாற்றிப் பார்ப்பார். அவர் வேண்டுமென்று செய்யவில்லை.

பெயர் சொல்லாதது பேச்சு போனதாகவும் இருக்கலாம். உங்களை யாரென்று தெரியும், வார்த்தைதான் வராது. ஆம்பூர் பக்கத்து அம்மா ஒருவரின் கணவர் எதைக் கேட்டாலும் "செருப்பு" என்றே சொல்லிக்கொண்டிருந்தார், தோல் ஷூ கம்பெனியில் வேலை பார்த்தவர். அந்த அம்மா முதலில் அழுதார். பிறகு பேச்சுப் பயிற்சியாளர் சொன்னபடி, ஒரு நாளைக்கு நான்கு தடவை, பத்துப் பத்து நிமிஷம், சொம்பு, சீப்பு, சட்டை என்று ஒவ்வொன்றாகக் கையில் கொடுத்துப் பெயர் சொல்ல வைத்தார். அவர் தடுமாறும்போது முந்திக்கொண்டு சொல்லாமல் காத்திருந்தார். மூன்றாவது மாச செக்கப்புக்கு வந்தபோது டாக்டர் அந்த அம்மாவைக் காட்டி "இவங்க யாரு?" என்று கேட்டார். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, "வீட்ல" என்றார்.